பிரிட்ஜுக்குள்ளை வைச்ச எருக்கலை விதை

என்ர தம்பி கஜீவன் இருபத்திரண்டு வருசம் ஒரு பாண் சுடுற பக்டரியிலை நிண்டு வேலை செய்தவன். கலியாணம் கட்டேல்லை. இந்தக் குளிர் தேசத்திலை, வோபர்னிலை என்ர வீட்டு பேஸ்மென்ரிலைதான் இருந்தவன். ஒரு சோலி சுரட்டுக்கும் போகமாட்டான். அவன் நாலு வார்த்தை கதைச்சால் மழை வரும் எண்டு நான் பகிடி பண்ணுவன்.

பக்டரியை மூடினாப் பிறகு அவனுக்குப் புல்லுப் பைத்தியம் பிடிச்சுது. மின்சாரக் கோபுரங்களுக்குக் கீழை கிடக்கிற நீட்டு வெளியிலை, இந்த மண்ணிலை ஆதியிலை நிண்ட புல்லையும் பூவையும் திருப்பி வளர்க்கிற ஆக்களோட சேர்ந்திட்டான். வேர் ஆள் உயரத்துக்குக் கீழை போகுமாம், காத்திலை இருக்கிற கரிவாயுவை இழுத்து மண்ணுக்குள்ளை வைச்சிருக்குமாம், போன குருவியள் திரும்பி வருமாம். சோறு ஆற ஆறச் சொல்லுவான். எனக்கு எரிச்சல் வரும். வீட்டு முன்புல்லு வெட்ட ஆளில்லை, ஊரான்ர புல்லுக்குத் தண்ணி ஊத்தப் போறாய் எண்டு பேசுவன். சிரிச்சுக்கொண்டு போவான்.

பக்டரிப் பின்வேலியோட செம்மஞ்சள் பூப் பூக்கிற ஒரு செடிக்கூட்டம் நிண்டது. எங்கட பக்கத்திலை அதுதான் கடைசியாம். போன ஒக்டோபரிலை அந்தக் காணியை வழிக்க மெசின் வரப்போகுது எண்டு கேள்விப்பட்டு, முதல் நாளே போய் இருந்த காய் முழுக்கப் பிடுங்கிக்கொண்டு வந்தான். என்ர குசினி மேசையிலை வைச்சு உடைச்சான். வெள்ளைப் பஞ்சு வீடெல்லாம் பறந்தது.

"உது எருக்கலையெல்லோடா?"

"எருக்கலையின்ர இனசனம் அக்கா" எண்டான். வண்ணாத்திப்பூச்சியின்ர புழு இந்தச் சாதி இலையைத்தான் தின்னுமாம். மூண்டு மாதம் ஈரக்குளிருக்குள்ளை கிடந்தால்தான் விதை முளைக்குமாம். ஈரமண்ணோட ஒரு தயிர் டப்பாவுக்குள்ளை போட்டு என்ர பிரிட்ஜிலை வைச்சிட்டான்.

எங்கட ஆக்கள் மண்ணள்ளித் திட்டேக்கை, உன்ர வீட்டிலை எருக்கலை முளைக்க எண்டுதான் திட்டுறது. ஆளழிஞ்ச வீட்டிலைதான் அது முளைக்கும். எடுத்துக்கொண்டு போ எண்டு சண்டை பிடிச்சன். அவன் கேக்கேல்லை.

ஜனவரியிலை அவன்ர கண் மஞ்சளாய்ப் போச்சு. கணையத்திலை கான்சர், பரவியிட்டுது எண்டு டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியாலை வந்த நான் சப்பாத்தும் கழட்டாமல் பிரிட்ஜைத் திறந்தன். அந்த டப்பாவைக் குப்பைப் பாக்கிலை போட்டு இறுக்கி முடிஞ்சு வெளியிலை வைச்சன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டன். காலமை குப்பை லொறி வந்து கொண்டுபோயிட்டுது.

கான்சர் வருத்தம் போகேல்லை. ஒரு மாதத்திலை எழும்ப ஏலாமல் படுத்திட்டான். ஒவ்வொரு நாளும் நான் கட்டிலடிக்குப் போனவுடனை ஒண்டுதான் கேப்பான், மண் காய்ஞ்சு போச்சோ, தண்ணி தெளிச்சனியோ எண்டு. நான் தெளிச்சனான் எண்டு சொல்லுவன். அதைக் கேட்டாப் பிறகுதான் நித்திரை கொள்ளுவான். ஐயோ, எத்தினை நாள் அந்தப் பொய்யைச் சொன்னன்.

கடைசியாய்க் கதைச்ச அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சான்.

"ஏப்ரலிலை மெலனியிட்டைக் குடு அக்கா. நான் இல்லாட்டிலும் அது நிக்கும்."

"ஓமடா" எண்டன்.

மெலனிதான் அந்த வெளிக்குப் பொறுப்பான பிள்ளை. அவன்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கிழமை கையிலை விதை போடுற தட்டுகளோட என்ர வாசலிலை வந்து நிண்டாள். எருக்கலையும் சாபமும் அவளுக்கு எந்தப் பாசையிலை சொல்லுறது? எறிஞ்சிட்டன் எண்டு மட்டும் சொன்னன். படியிலை குந்திக்கொண்டு அழுதாள். என்னை ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

பிறகு என்னை அந்த வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு கட்டையடிச்சு, கயிறு கட்டி, மண் கிளறி ஒரு துண்டு வெறுமையாய்க் கிடந்தது. மார்கழிக்கு முன்னமே அவன் ஆயத்தப்படுத்தின இடமாம். ஒரு கட்டையிலை தமிழிலை எழுதியிருந்தான். மாரிக்குளிர் முழுக்க விதையைப் பாத்துக்கொள்ளுற ஆளின்ர பேரைத்தான் அந்தத் துண்டுக்கு வைக்கிறன் எண்டு சொன்னவனாம். மெலனிக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டாள்.

'யோகராணி அக்கா' எண்டு என்ர பேர் எழுதியிருந்தது.

இப்ப பேஸ்மென்ற் ஆளில்லாமல் கிடக்கு. கிழமைக்கு ஒருக்கால் போய் அந்தத் துண்டிலை முளைக்கிற களையைப் பிடுங்கிப்போட்டு வாறன். அதிலை விதைக்க என்னட்டை ஒண்டும் இல்லை.