இருக்கு என்றாள் தாட்சாயணி

ஆந்திரப் பக்கம் பாலசமுத்திரத்துக் கோவர்த்தனனுக்குக் கார் ஆசை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். முதலில் மாட்டு வண்டி, பிறகு டிராக்டர், அதற்கும் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள். ஐம்பது வயது தாண்டும்வரை அதிலேயே காலம் ஓடிவிட்டது. கார் என்றால் அது டாக்டரும் கான்ட்ராக்டரும் வைத்துக்கொள்கிற சாமான் என்பது அவர் எண்ணம். மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஒரு ஈரக் கல்தான் அந்த எண்ணத்தை மாற்றியது.

போன வருஷம் அடைமழையில் அவர் மனைவி தாட்சாயணி அந்தக் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கோவர்த்தனன் அப்போது மாந்தோப்பில். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கங்கையாவும் அவன் மனைவி ரத்னம்மாவும்தான். காலனிக்காரர்கள். கங்கையாவின் அப்பன் காலம்வரை கோவர்த்தனன் நிலத்தில் கூலிக்கு வந்த குடும்பம். இப்போது சொந்தத்தில் ஒரு துண்டுக் கரும்பும் ஒரு சின்ன லோடு வண்டியும் வைத்திருக்கிறார்கள். அவன் வண்டியிலிருந்த பால் கேன்களை ரோட்டோரம் இறக்கிப் போட்டான். அவள் வீட்டுக்குள் ஓடி மெத்தையை இழுத்து வந்து வண்டியில் விரித்தாள். அதுவரை அவர்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. தாண்டச் சொன்னவர்களும் இல்லை. அன்றைக்கு ரத்னம்மா யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கோவர்த்தனன் வந்து சேர்ந்தபோது வண்டி திருப்பதிப் பக்கம் திரும்பி நின்றது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோல் ஊன்றி நடமாட ஆரம்பித்தாள். ஆனால் வலது காலை உயரத் தூக்க வரவில்லை. பஸ் படி எட்டாது. ஆட்டோவில் குனிந்து நுழைய முடியாது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வாடகைக் காருக்குள் அவளை இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். போகப்போக, ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தம்பி மகள் கல்யாணம் அவள் இல்லாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் திருச்சானூர் அம்மனைப் பார்க்கப் போனவள், அதையும் நிறுத்தினாள்.

"என்னை மூட்டை மாதிரி தூக்கிப் போடறத இன்னும் எத்தனை பேரு பாக்கணும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கோவர்த்தனன் எழுந்து கிணற்று மோட்டார் போடப் போய்விட்டார்.

இந்த வருஷம் மா காய்த்துத் தள்ளியது. காய் இறங்கி முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் பிரீத்திக்குப் போன் போட்டதுதான். யார் கையும் படாமல் அம்மா ஏறி இறங்குகிற மாதிரி ஒரு கார் வேண்டும் என்றார். பிரீத்தி ஒரு வாரம் தேடி, உயரமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் இருக்கிற சின்ன எஸ்யூவி வண்டிகளில் இரண்டைச் சொன்னாள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

"நைனா, செவப்புல சன்ரூஃப் இருக்குது."

"அப்டின்னா?"

"மேல கூரை தொறக்கும்."

"நம்மூரு வெய்யிலுக்குக் கூரையில ஓட்டை ஒண்ணுதான் கொறைச்சல்," என்றார்.

ஒரு நாள் காலையில் வாடகைக் காரில் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். தாட்சாயணி முதலில் மறுத்தாள். நீ ஏறிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று கோவர்த்தனன் ஒற்றைக்காலில் நின்றதால் வந்தாள். வழக்கம்போல அவரும் கங்கையாவும்தான் தூக்கி வைத்தார்கள். வழக்கம்போல அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் சிவப்பு. பார்த்ததுமே இரண்டு ஆண்களும் தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு பார்வை.

"அண்ணா, இன்னா ஒசரம் பாரு. நம்ம கால்வாய் மேட்டுல கண்ண மூடிக்கினு ஏறும்," என்றான் கங்கையா.

"அதான் நானும் பாத்துக்கினு இருக்கேன்." கோவர்த்தனன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவர் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் கால்வாயைத் தாண்டுகிற இடம் முதுகு ஒடிந்த மாதிரி எழும்பி நிற்கும். தாழ்ந்த வண்டி என்றால் வயிறு உரசும். அந்தக் கவலை இந்த வண்டியில் இல்லை.

தாட்சாயணி கதவுப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். சீட் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. மேலே இருந்த பிடியைப் பற்றி எம்பினாள். கங்கையா கை நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எம்பி எப்படியோ ஏறிவிட்டாள். நெற்றியில் வியர்வை.

"பாகுந்தா அம்மா?" என்று, நன்றாக இருக்கிறதா எனத் தெலுங்கில் கேட்டார் ஷோரூம்காரர்.

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு, "பாகுந்தி," என்றாள்.

"அப்புறமென்ன, முடிச்சிடலாம்," என்றார் கோவர்த்தனன்.

கங்கையா தடுத்தான். "வெள்ளையையும் ஒரு கண்ணு பாத்துட்டு வந்துடலாம் அண்ணா. பாப்பா ரெண்டு சொல்லிச்சு. ஒண்ணத்தான் பாத்தோம்னா போன்லயே நம்மளக் கிழிச்சுத் தோரணம் கட்டிடும்."

அடுத்த ஷோரூமில் நின்ற வெள்ளை வண்டி கோவர்த்தனனுக்குப் பிடிக்கவே இல்லை. "இன்னா இது, தவளை மாதிரி ஒக்காந்துக்கினு கீது," என்று முணுமுணுத்தார். ஆனாலும் பழக்க தோஷம், கங்கையாவோடு சேர்ந்து இதற்கும் அடியில் குனிந்து பார்த்தார். அவர்கள் நிமிர்ந்தபோது தாட்சாயணி வெளியே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப ஏறின?"

நடந்தது இதுதான். கதவைத் திறந்தாள், திரும்பி நின்றாள், வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

அந்த ஷோரூம்காரர் யஸ்வந்த் குண்டூர்ப் பக்கத்துக்காரர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. "லோப்பல ப்ளேஸ் எலா உந்தி அம்மா?" என்றார். உள்ளே இடம் எப்படி என்று கேட்கிறார்.

"இருக்கு," என்றாள் தாட்சாயணி. காலை நீட்டிப் பார்த்து, "இருக்கு, இருக்கு," என்றாள்.

யஸ்வந்த் முகம் சுருங்கிப்போயிற்று. தெலுங்கில் 'இருகு' என்றால் நெருக்கடி. இடம் இருக்கிறது என்று இவள் சொல்ல, இடுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று அவர் காதில் விழுந்தது. "சாரி அம்மா, சாரி," என்று குனிந்து ஏதோ ஒரு பிடியை இழுத்தார். சீட் பின்னால் நகர்ந்தது. வலது கால் முழுசாக நீண்டது.

"இப்புடு?"

"ஆ, இப்ப நல்லா இருக்கு."

"இங்கா இருகா?" இன்னும் நெருக்கடியா என்று மனுஷன் பயந்தே போனார். இதைவிடப் பெரிய வண்டியின் சாவி எடுத்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கங்கையாவுக்கு விஷயம் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தாட்சாயணி பிறந்தது காஞ்சிபுரம் பக்கம். வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"அண்ணி, எங்கள மாதிரி 'கீது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஆளு நிம்மதியா நின்னுக்கினு இருப்பாரு."

"இருகு காது பாபு, உந்தி அண்டோந்தி," என்று, நெருக்கடி இல்லை, இடம் இருக்கிறது என்கிறாள் என விளக்கி, கோவர்த்தனன்தான் கூப்பிட்டு நிறுத்தினார். யஸ்வந்தும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்த கோவர்த்தனன் சட்டென்று நிறுத்தினார்.

அவருக்கு மனைவியின் வாய் தெரியும். பேங்க், தாசில்தார் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கேயும் தெலுங்குதான் பேசுவாள். கட்டுப் பிரித்த அன்று வலி எப்படி என்று டாக்டர் கேட்டபோதும் "பாகுந்தி சார்" என்றாள். வீட்டுக்கு வந்து தமிழில் அழுதாள். மறந்துபோய்த் தமிழ் வாயில் வந்தால் அது மனசிலிருந்து வருவது.

குனிந்து கதவருகே முகத்தை வைத்தார். "செவப்பு வண்டியில பாகுந்தின்னியே."

"வண்டி நல்லாத்தானே இருந்தது."

"ஒனக்கு?"

"நீங்க திருவிழாவுல பலூன் கண்ட மாதிரி சிரிச்சிட்டு நின்னீங்க. அதுல போயி நான் இன்னா சொல்றது?"

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தச் சிவப்பு வண்டி வீட்டு வாசலில் அழகாக நின்றிருக்கும். இவள் உள்ளேயே இருந்திருப்பாள். கேட்டால், எனக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றிருப்பாள். நல்ல வேளை, இவளை உட்காரவைத்துப் பார்த்தோம். நல்ல வேளை, இவன் இழுத்துக்கொண்டு வந்தான்.

"வெள்ளையே எடுத்துடலாம்," என்றார். பிறகு கங்கையாவிடம், "கால்வாய் மேட்டுல உரசுமே, இன்னா பண்றது?" என்றார்.

"வண்டிய ஒசத்த முடியாது. வழிய ஒசத்தலாம். ரெண்டு பக்கமும் செம்மண்ணு கொட்டிச் சரிச்சுட்டா ஆச்சு. எங்கிட்ட வண்டி இல்லியா?"

"அதுக்கும் நீயேதான் வரணுமா?"

"வரலன்னா இன்னும் பத்து வருசத்துக்கு அண்ணியத் தூக்கணும். அப்பால என் இடுப்புக்கு எவன் ஆபரேஷன் பண்றது?"

தாட்சாயணி சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

வண்டி கைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் கால்வாய் மேடு சரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. கங்கையாவையும் ரத்னம்மாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு நேராகத் திருச்சானூருக்கு விட்டார் கோவர்த்தனன். வண்டியை நிறுத்தி அவர் சுற்றி வருவதற்குள் கதவு திறந்தது, கோல் தரையைத் தொட்டது, தாட்சாயணி எழுந்து நின்றாள். இரண்டு ஆண்களும் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

தரிசனம் முடித்து வந்ததும் வண்டிக்குப் பூசை. மஞ்சள், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். யார் பேருக்கு என்று ஐயர் கேட்டார்.

"தாட்சாயணி," என்றார் கோவர்த்தனன். பிறகு, "கங்கையா, ரத்னம்மா," என்றார்.

"அண்ணா, எங்க பேரு எதுக்கு? வண்டி ஒங்களுது."

"சாமி கேக்குறாரு, நான் சொல்றேன். நீ சும்மா நில்லு."

கோத்திரம் என்ன என்றார் ஐயர். கங்கையா தலையைச் சொறிந்தான். தெரியாது என்றான். பரவாயில்லை, தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லலாம் என்றார் அவர்.

"எங்க எல்லாருக்கும் அதையே சொல்லுங்க சாமி," என்றார் கோவர்த்தனன். ரத்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐயர் தேங்காயை உடைத்தார். புருஷனும் கங்கையாவும் இன்னும் கும்பிட்ட கையோடு நிற்க, தாட்சாயணி போய்த் திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள்.

"ஏறுங்க ரெண்டு பேரும். இல்ல, தூக்கி வெக்கணுமா?"