பஞ்சுவின் கடைசி அத்தியாயம்

இதை யாரும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது. 1966 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. பம்பாய் செம்பூரில் எங்கள் வீட்டில், பட்டப்பகலில், நான் முழு விழிப்பில் இருந்தபோது.

என் கணவர் விமானப்படையில் விமானி. 1962இல் கிழக்கு மலைக்காட்டில் அவருடைய விமானம் விழுந்தது. உடன் போன, வழி சொல்லும் நேவிகேட்டர் பஞ்சு இறந்துபோனார். இவர் காலை இழுத்துக்கொண்டு நடந்தே தப்பினார். வேலையை விட்டபின் மெட்ராஸ் வார இதழுக்குச் சாகசத் தொடர்கள் எழுதினார். எழுதினார் என்றால், அவர் சொல்வார், நான் எழுதுவேன். ஒவ்வொரு வரியையும் நான் திருப்பி வாசிக்க வேண்டும். வயர்லெஸ் பழக்கம். சரியென்றால் மோதிரம் போட்ட விரலால் மேஜையில் இரண்டு தட்டு. தவறென்றால் மௌனம்.

கடைசித் தொடரிலும் ஒரு பஞ்சு உண்டு. கதையில் அவன் சாகவில்லை. அடிபட்டு ஓடைக்கரையில் கிடக்கிறான். விமானி உதவி தேடிப் போகிறான். அதுவரை சொன்னவர், ஜூன் மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று காலை பத்திரிகை ஏஜண்ட் அய்யாத்துரை வந்தார்.

"நாளைத் தபால்ல போகலைன்னா மெட்ராஸ்ல வேற ஆள வச்சு முடிச்சிருவாவ, அக்கா."

"அவர் கதைய வேற யாரும் தொடப்படாது. நானே முடிக்கறேன்."

"பஞ்சுவக் கொன்னுராதீங்க. சர்க்குலேஷன் படுத்துரும்."

மணி 3.40. மழை. மான்குர்த் லோக்கல் ரயில் போய் அடங்கியது. ஒரு வரி எழுதி, பழக்கத்தில் உரக்க வாசித்தேன்.

"பஞ்சு கண் விழித்தான்."

டக்... டக்.

என் இரண்டு கைகளும் காகிதத்தின் மேல் இருந்தன.

அவர்தான் என்று நினைத்தேன். பயத்தைவிட அழுகைதான் வந்தது. ஐந்து வாரமாக அந்த வீட்டில் எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

"மூன்றாம் நாள் மீட்புக் குழு வந்தது."

மௌனம்.

"ஐந்தாம் நாள்..."

மௌனம். ஏழு... ஒன்பது...

"பதினோராம் நாள் மீட்புக் குழு வந்தது."

டக்.

ஒன்றே ஒன்று. பாதிதான் சரியா?

அப்போதுதான் உறைத்தது. மோதிரம் மரத்தில் படும் ஓசை இல்லை. சத்தம் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது...

3.52. கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டேன்.

"பதினோரு நாள்... யாரும் வரவில்லை."

டக். டக்.

அந்த வரியோடு கதையை முடித்து அனுப்பினேன்.

1968 மார்ச்சில் விமானப்படை அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்தார். விழுந்த விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். பஞ்சுவின் எலும்புகள் அதற்குள் இல்லை. சற்றுத் தள்ளி, ஓர் ஓடைக்கரையில் கிடந்தன. பக்கத்தில் ஒரு தகரத் துண்டு. அதில் நாளுக்கொரு கீறல்.

பதினொன்று.

நாடி பார்த்தேன், உயிர் இல்லை, அதனால்தான் விட்டுவந்தேன் என்று என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு நாள் அவருக்குத் தெரியவே தெரியாது.