இரண்டு தடவை பதிந்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் மெயிலில் ‘எஃப்என்யூ சபாபதி காலமானார்’ என்று இருந்தது. யாரோ என்று நினைத்து அழித்துவிட்டேன். காபி கலக்கும்போதுதான் உறைத்தது. ஐயோ, அது நம்ம சபா!

அவரோடு வேலை பார்த்த நீங்களும் அப்படித்தான் தாண்டிப் போயிருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்த மனிதர். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான ‘எஃப்என்யூ’ என்ற மூன்று எழுத்தை விசாவில் அடித்துவிட்டார்கள்; அது லைசென்ஸ் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். “விடுங்க வசந்தி, அமெரிக்கா எனக்கு வெச்ச பேரு” என்று சிரிப்பார்.

நான் எழுதும் கம்ப்யூட்டர் கோடில் பிழை பிடிப்பதுதான் அவர் வேலை. ஒரு கமாவைக்கூட விடமாட்டார். எரிந்து விழுவேன். அப்பேர்ப்பட்டவர், சனிக்கிழமையானால் பிழை உள்ள துப்பாக்கிகளைத் தேடி டெக்சாஸ் முழுக்க அலைந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று வாங்கினார், ஒரு வேட்டைத் துப்பாக்கி. அதன் குழாயில் கம்பெனி பெயர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை பதிந்திருந்தது.

என் மகள் ஜெர்சி சிட்டிக்குப் போனபின் எனக்கு வீட்டில் பேச ஆளில்லை. ஒரு சனிக்கிழமை நானும் அவருடன் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போனேன். இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு டப்பா எலுமிச்சை சாதம், எதிரே மேஜையில் அவருடைய அந்தத் துப்பாக்கி.

“தப்பா செஞ்சதுக்குப் போய் விலை கூடுமா சபா?”

“பழைய காசுல, ஸ்டாம்ப்ல தப்பு இருந்தா கூடும். இதுல அவ்ளோ ஈஸி இல்லைங்க. சரியா சுடலைன்னா அது வெறும் ரிப்பேர், எவன் வாங்குவான்? எழுத்து தப்பா இருந்தா சில பேர் ஆசைப்படுவாங்க. ஆனா எவனோ காரேஜ்ல அடிச்சதுன்னு சந்தேகம் வரும். எங்க தப்புதான்னு ஃபேக்டரியே லெட்டர் குடுக்கணும்.”

தொப்பி வைத்த ஒருவர் வந்து, விரலால் தடவிப் பார்த்து, போலி என்று சொல்லிவிட்டுப் போனார். சபாவின் முகம் செத்துவிட்டது.

“நான் இதை விக்கப் போறதில்லை. பொய் இல்லைன்னு ஒருத்தர் சொன்னா போதும்” என்றார். அன்றே ஃபேக்டரிக்கு எழுதிப் போட்டார். அதன்பின் தினமும் என் மேஜைப் பக்கம் வந்து, “இன்னும் வரலை” என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று மாதம் சொன்னார்.

இறுதிச் சடங்கில் நாங்கள் நாலே பேர். சென்னையிலிருந்த தம்பி ஃபோன் திரையில் அழுதார். பெயர்ப் பலகையிலிருந்து அந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லி நான்தான் சத்தம் போட்டேன். எடுத்தார்கள்.

தம்பி கேட்டுக்கொண்டதால் மறுவாரம் வீட்டைக் காலி செய்யப் போனேன். தபால் பெட்டியில் அந்தக் கடிதம் இருந்தது. ‘அன்புள்ள எஃப்என்யூ, பிழை எங்களுடையதுதான். வருந்துகிறோம். அனுப்பி வைத்தால் இலவசமாக வேறு குழாய் மாற்றித் தருகிறோம்.’

பத்து நாள் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா? படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

துப்பாக்கியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் தம்பி. நான் அதை எங்கும் அனுப்பவில்லை. அழித்த மெயிலையும் தேடி எடுத்துவிட்டேன். இந்த இரண்டும், அந்தக் கடிதமும்தான் என்னிடம் இருக்கின்றன. அன்று சாமான் எல்லாம் போன பிறகு, காலி வீட்டில் நின்று சத்தமாகவே சொன்னேன்: “சபா, லெட்டர் வந்துடுச்சு. பொய் இல்லையாம்.”