இரண்டு கணினிகளும் அப்பாவின் சிரிப்பும்

எங்கள் வீட்டில் கணினிப் பேச்சு எடுத்தால் சண்டைதான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அண்ணா விண்டோஸ் கட்சி. வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கும் நான் மெக் கட்சி.

"உன்ர மெக்கில ஒரு படத்தைத் தேடி எடுக்கேலுமே? என்ரயில பார், வருசத்துக்கொரு ஃபோல்டர்," என்பார்.

"உங்கட விண்டோசுக்குள்ள ஊர்ப்பட்ட வைரஸும் குடியிருக்கு," என்பேன். எனக்கு வாய் சும்மா இராது.

கடற்காற்றில் அல்பங்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போக, படங்களை ஸ்கேன் பண்ணிவிட்டு அல்பங்களை எறிந்தோம். எது பாதுகாப்பு என்ற சண்டை தீராததால், இரண்டு கணினியிலும் ஒரே கோப்புறை வைத்தோம். ஒன்றில் செய்கிற மாற்றம் இணையம் வழியாக மற்றதிலும் தானாக வந்துவிடும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கைதான் எங்களைத் தின்றது.

அப்பா செத்தபின் அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. காலிமுகத்திடலில் ஐஸ்கிறீம் சட்டையில் வழிய அப்பா சிரிக்கும் படத்தைக் காலையில் என் திரையில் பார்த்தபிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், எங்கள் பேச்சில் கல்வெட்டு, அதிலும் அந்தப் படம்தான் வரவேணும் என்று சொல்லிவிட்டார்.

கல்வெட்டைத் தட்டச்சு செய்தது அண்ணா. அச்சகம் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றைக் கேட்டது. இலவசம் என்று போட்டிருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்கினார். கணினி சிவப்பில் எச்சரித்தது. சும்மா வெருட்டுது என்று பாதுகாப்பு மென்பொருளை நிற்பாட்டினார். ஐயோ, கல்வெட்டில் தேவாரம் அடிக்கத்தான்!

அன்று பின்னேரம் என் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கலியாணப் படம் வெள்ளையானது. பிறகு பக்கத்துப் படம். நான் எதையும் தொடவில்லை. பெயர்களின் கடைசியில் புரியாத எழுத்துகள் முளைத்தன. அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணா, என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் செய்யேல்லையடி. கணினிக்குள்ள ஃபான் கத்துது. படமெல்லாம் போகுது."

"கரண்ட் வயரைக் கழட்டுங்கோ!"

"கழட்டிட்டன். பட்டரியில ஓடுது."

என் வைஃபையை நிற்பாட்ட வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது காலிமுகத்திடல் படமும் வெள்ளையாகிவிட்டது. என் மெக்குக்கு ஒரு வைரஸும் பிடிக்கவில்லை. எழுத்துருவோடு வந்த வைரஸ் அண்ணாவின் கணினியில் பூட்டிய படங்களை அது ஒழுங்காக வாங்கி, பழையவை இருந்த இடத்தில் அடுக்கிவைத்திருந்தது. பெருமையாகப் பேசிய வாய்க்கு நல்லா வேணும்.

கணினி திருத்துகிறவர்கள் கைவிரித்தார்கள். ஃபோன்களிலும் இல்லை; இடம் காணாது என்று எப்போதோ அழித்திருந்தோம். கிடைத்தது அடையாள அட்டையின் பிரதி மட்டும். அதில் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். அதையே அச்சிட்டோம்.

முப்பத்தோராம் நாள் அம்மா கல்வெட்டை மடியில் வைத்து அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். சிரித்த படத்தைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

"பிள்ளை," என்றார், "இவர் என்னோட கோவத்திலயோ போனவர்?"

இல்லையம்மா என்றேன். அடுத்த நாள் காலையில், தேத்தண்ணியைத் தொடாமல், மறுபடியும் அதையே கேட்டார்.