மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்

முதல் முறை நடந்தபோது மழை என்றுதான் நினைத்தேன்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மூட்டையைத் தலையில் வைத்து மேல் காட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். வரப்பு முழங்கால் உயரம்தான் இருக்கும். குதித்தேன். தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் புடவை எப்படியும் ஈரம். மழைத்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதம். இரண்டுமே சுகப்பிரசவம். நாற்பதாம் நாளே காட்டுக்குப் போய்விட்டேன். கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். லாரி நிற்கும் ரோட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவே தலையைத் தவிர வேறு வண்டி கிடையாது.

என் உடம்பைப் பற்றி எனக்கு அதுவரை கொஞ்சம் கர்வம் இருந்தது. பள்ளியில் கபடி ஆடினேன். ரெய்டு போவது என் வேலை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண் கட்டையாக இருக்கிறாள், தொடை ஆம்பளைத் தொடை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகட்டும். களத்தில் அந்தத் தொடையைப் பிடித்து நிறுத்தியவர்கள் குறைவு. கல்யாணத்துக்குப் பிறகும் பொங்கலுக்கு மறுநாள் ஊர்களுக்குள் நடக்கும் பெண்கள் கபடியில் வருடா வருடம் ஆடினேன். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

அடுத்த பொங்கலில் முதல் ரெய்டிலேயே தெரிந்துவிட்டது. எகிறிக் குதித்ததும் நனைந்தேன். கால் பிசகிவிட்டது என்று சொல்லிக் களத்தை விட்டு வந்தேன். பொய்க்குப் பொருத்தமாக இரண்டு நாள் நொண்டினேன். இரண்டாம் நாள் நொண்டும் கால் மாறிப்போனது. என் ஓரகத்தி சரசு அக்கா, அவள்தான் எங்கள் குழுவின் கேப்டன், அதைப் பார்த்தாள்.

பிறகு நான்கு வருடம் ஆடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். அடர்ந்த நிறப் புடவைகளாகக் கட்டினேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோவதை விட்டேன், அங்கே ஒதுங்க இடம் கிடையாது. என் மேல் வாடை அடிக்கிறதோ என்ற பயம் எப்போதும் இருந்தது. வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். அவர் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார். வெட்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய மடத்தனம், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வேறு ஊராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கீழே இறங்கும் நாளில் யாரும் எதுவும் குடிப்பதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் வாந்தி வரும். அந்தப் பழக்கத்துக்குள் என் நோயை ஒளித்துவைத்தேன். நான் மட்டும் தினமும் மலை இறங்குகிறவள் போல வாழ்ந்தேன்.

போன வருடம் குளிர்க் காய்ச்சல் வந்தது. முதுகின் பக்கவாட்டில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். வீட்டுக்காரர் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் டாக்டர்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"குடிப்பேனுங்க."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "காலையில ஒரு சொம்புங்க. மலையில குளுருங்க, தாகமே எடுக்காதுங்க."

டாக்டர் என்னை மட்டும் பார்த்தார். "இருமினா, தும்மினா, குதிச்சா ஒண்ணுக்குச் சொட்டுதா?"

"இல்லீங்க" என்றேன்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதி, மருந்து வாங்கி வரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினார். கதவு சாத்தியதும் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அவர் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த மரியாதைக்கு நான் இன்றும் கடன்பட்டவள்.

பரிசோதித்துவிட்டுச் சொன்னார். காய்ச்சல், சிறுநீர்த் தொற்றினால் (கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகம்வரை ஏறுவது). தண்ணீரைக் குறைத்தது அதற்கு வழி செய்திருக்கலாம். சொட்டுவது, அழுத்தச் சிறுநீர்க் கசிவு (வயிற்றில் அழுத்தம் கூடும்போது சிறுநீர் தானாக வெளியேறுவது). காரணம், இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடலை அடியிலிருந்து தாங்கும் தசைகள்) பிரசவத்தில் தளர்ந்திருந்தன. தேறும் முன் நான் சுமை தூக்கியதும் சேர்ந்துகொண்டது. கர்ப்பப்பையும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆபரேசனுங்களா?"

"முதல்ல பயிற்சி. அப்புறம் பார்ப்போம்."

"கபடி ஆடலாங்களா?"

நான் கேட்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பழையபடி ஆகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். முயற்சி பண்ணிப் பார்க்கலாம்."

பயிற்சி கேட்கச் சுலபம். காற்றுப் போவதை அடக்குவதுபோல அடித்தசையைச் சுருக்கி, சில நொடி நிறுத்தி, முழுவதும் தளர்த்த வேண்டும். தினமும் மூன்று வேளை. யாருக்கும் தெரியாது, சோறு வடித்துக்கொண்டே செய்யலாம். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு துளிகூடக் குறையவில்லை. எனக்கு டாக்டர் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுபடி போனபோது இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) பார்த்தார். சின்னப் பெண். நான் சுருக்கவேயில்லை, புட்டத்தை இறுக்கி, மூச்சைப் பிடித்து, அடியைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று கண்டுபிடித்தார். ஆறு வாரமாக நோய்க்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஓரத்தில் இருந்த மணல் பையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"இப்ப மூச்சு என்ன ஆச்சு?"

"தெரியலீங்க. சொமை தூக்குறப்ப மூச்சை யாருங்க நெனைப்பா?"

"அடக்கிட்டீங்கக்கா. வாய் கட்டின மூட்டைய மேல இருந்து அமுக்கினா அடித் தையல்தான் பிரியும். முதல்ல அடியைச் சுருக்குங்க, அப்புறம் மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க."

"அது வரமாட்டேங்குதுங்க."

"அப்போ தூக்கும்போது வாய் விட்டு ஏதாவது சொல்லிக்கிட்டே இருங்க. சொல்லுறவங்களால மூச்சை அடக்க முடியாது."

மறுநாள் காட்டில், மூட்டையின் ஒரு முனையை நானும் மறுமுனையை வீட்டுக்காரரும் பிடித்தோம். என்ன சொல்வதென்று யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது. கபடி கபடி கபடி கபடி. மூட்டை என் தலைக்கு ஏறியது. சொட்டவில்லை.

அவர் மூட்டையை விட்டுவிட்டுப் பார்த்தார். "என்ன புள்ள, குச்சிக்கிழங்கோட கபடி ஆடுற?"

அங்கேயே மூட்டையை இறக்கிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா நாலு வருசம் செவுத்தப் பாத்துப் படுத்த?"

"ஆமாங்க."

அன்று மூட்டையைப் பாதியாகக் கட்டினார். மறுநாள் மறந்து முழுதாகக் கட்டினார், சண்டை போட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து அவருக்குப் பழகிவிட்டது.

நான்காம் மாதம் ஒருநாள் மிளகாய் வறுக்கும்போது தும்மினேன். பழக்கத்தில் தொடையை இறுக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கரண்டியோடு நின்று இன்னொரு தும்மலுக்குக் காத்திருந்தேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கசிவும் ஒன்றல்ல. இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடியில் ஏதோ பிதுங்குவதுபோல் இருந்தாலோ என் கதையை வைத்து முடிவு செய்யாமல் டாக்டரிடம் போங்கள். பயிற்சியை ஒருமுறையாவது தெரிந்தவர் சரிபார்க்கட்டும். பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள்.

மார்கழியில் சரசு அக்கா வந்தாள். பொங்கல் ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் தேறியிருந்தார்கள். எனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது, கால் வேறு சரியில்லை என்று இழுத்தேன்.

"எந்தக் காலு?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "அட கண்ணு, நானு பெரியவன் பொறந்ததுல இருந்து துணி வெச்சுக்கிட்டுத்தான் ஆடுறேன்."

எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரே முற்றத்தில் துணி காயப்போடுகிறவள், நான்கு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய்ப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். ஆட வருகிறேன் என்றும் சொன்னேன்.

கறுப்பு டிராக் பேண்ட், உள்ளே துணி. முதல் இரண்டு ரெய்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் எதிர் அணியில் ஓரத்தில் நின்றவள் கணுக்காலைப் பிடித்தாள், மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். கோட்டை நோக்கி இழுத்தேன். அப்போது சொட்டியது. நன்றாகவே தெரிந்தது. பாட்டை விடவில்லை, கபடி கபடி என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சுத் தீர்ந்தது. அவுட்.

அவுட் ஆனவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். நம் ஆட்கள் ஒருத்தியைப் பிடித்தால்தான் திரும்ப உள்ளே போகலாம். உட்கார்ந்தேன். பேண்ட்டில் மண், வியர்வை, அதுவும் இருந்தது. இதே உடம்பைத்தான் எப்போது வீட்டுக்குக் கொண்டுபோய் மறைப்பது என்று நான்கு வருடமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் எண்ணியது ஆட்டத்தில் மிச்சமிருந்த நிமிடங்களை. நான்கு, மூன்றரை, மூன்று. தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

சரசு அக்கா ஒருத்தியை இடுப்போடு கட்டிக் கீழே சாய்த்தாள். நடுவர் விசில் ஊதினார்.

"உள்ள வா புள்ள!" என்று கத்தினாள்.

அடியைச் சுருக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன். உள்ளே போனேன்.