கனமான பெட்டியும் ஒரு குடம் தண்ணீரும்

மகள் ஆன்லைனில் வாங்கிய கம்ப்யூட்டர் கேபினெட் நேற்று வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, முன்னால் மூன்று விசிறி, உள்ளே கலர் கலராக விளக்கு. பிரித்ததும் புதுப் பெயின்டும் தெர்மாகோலும் கலந்த அந்த வாசனை. என் கை தானாகப் போய்த் தகட்டின் உள்விளிம்பைத் தடவியது. "என்னப்பா, சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் அருப்புக்கோட்டையில் கேபினெட் பார்த்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் வேலை. பக்கத் தகட்டைப் பெருவிரலால் அழுத்துவேன், அமுங்கினால் மட்டம். விளிம்பை மடித்திருக்கிறார்களா, விரலைக் கிழிக்குமா என்று தடவுவேன். காற்றுத் துளை எங்கே என்று பார்ப்பேன். தறி ஓடும் தெருவென்றால் பஞ்சு புகுந்து விசிறியையே நிறுத்திவிடும். கடைசியாகத் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் நல்ல பெட்டி. இவ்வளவுதான் என் சாஸ்திரம். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பாளையம்பட்டியில் வீட்டு முன்னறையில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த தமிழ்ச்செல்வி அக்காவின் தலையில் அப்படித்தான் ஒரு கனத்த இரும்புப் பெட்டியைக் கட்டினேன். அவர் கேட்டது லேசான பெட்டி. நான் விடவில்லை. கூட வந்த வயரின் பிளக் வெளிநாட்டு மாதிரி, அவர் வீட்டுச் சுவரில் ஏறவில்லை. பையில் கிடந்த கன்வர்ட்டர் ஒன்றைச் செருகிவிட்டு வந்தேன்.

சித்திரையில் அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, பொட்டி கடிக்குதுப்பா. நேத்து பாப்பா தொட்டுட்டு வீல்னு கத்திருச்சு."

பாப்பாவுக்கு நான்கு வயது. அக்கா டைப் அடிக்கும்போது காலடியில், பெட்டியை ஒட்டித்தான் விளையாடும். பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்க முடிகிற வேலை அவருக்கு அது ஒன்றுதான்.

நான் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. "பொட்டி நல்ல பொட்டிக்கா. வாசல்ல எர்த்து வயரு பொதைச்ச குழி வெயிலுக்குக் காஞ்சிருக்கும். தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

"குடிக்கவே லாரித் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. அதுலயா?"

"அப்ப பாப்பாவுக்கு ஷாக் அடிச்சாப் பரவாயில்லையா?" என்றேன். இதை எழுதும்போதும் வாய் கசக்கிறது.

ஊற்றியிருக்கிறார். அந்தக் கோடை முழுக்க. ஆடியில் பிரின்டர் ரிப்பேருக்குப் போனபோது வாசலோரக் குழியில் ஈரம் காயாமல் இருந்தது. பெட்டியைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டியிருந்தார். வீட்டுக்குள்ளேயே காலில் ரப்பர் செருப்பு. "இன்னும் லேசா கடிக்கத்தான் செய்யுது. தண்ணி பத்தலையோ தம்பி?"

சுவரோரம் குனிந்து கன்வர்ட்டரைப் பிடுங்கினேன். அதில் இரண்டே பின். எர்த்துக்கான மூன்றாவது பின்னே கிடையாது. கண்மாயையே கொண்டுவந்து குழியில் கவிழ்த்திருந்தாலும் அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தகட்டின் கனத்தைப் பார்த்தவன் பின்னைப் பார்க்கவில்லை.

மூன்று பின் பிளக் ஒன்றை மாட்டினேன். அக்கா பயந்து பயந்து புறங்கையால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். "நின்னுருச்சு. இப்பத்தான் தண்ணி உள்ள எறங்கிருக்கு போல. ஊத்துனது வீண் போகல தம்பி."

"ஆமாக்கா" என்றேன்.

நேற்று மகள் விளக்கைப் போட்டுக் காட்டக் கூப்பிட்டபோது நான் மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் பிளக்கின் பின்னை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இருந்தது.

நான் வேலை பார்த்த கடை இப்போது இல்லை. போன மாதம் பாளையம்பட்டிப் பக்கம் போனேன். சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை; குழியை மூடி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். "அவுக வீட்டக் காலி பண்ணிப் போயி வருசமாச்சே" என்றார் கடைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ‘தப்பு என்னோடதுக்கா’ என்று இரண்டு வார்த்தை கொண்டுபோயிருந்தேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.