ஒரு வள்ளத்துக்கு இரண்டு துவாரம்

அந்தப் படத்தை ஏன் அன்று காலை திரையில் திறந்து வைத்திருந்தேன் என்று கேட்டால், பெருமைதான், வேறென்ன. மன்னார் ரவுணில் எங்கள் வரைபடக் கடை இரண்டு கதிரை போட்டால் நிறைந்துவிடும். நாள் முழுக்க மதிலுக்கும் கேற்றுக்கும் படம் கீறிக் கண் பூத்துப்போகும். அதற்கிடையில் என் கணவரின் வள்ளத்துக்கு நானே கீறிய இரும்புத் தகடு. மூட மனம் வரவில்லை.

வள்ளத்தில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகை உள்ளுக்குள் ஈரம் ஏறி உக்கத் தொடங்கியிருந்தது. மேலே ஃபைபர் பூச்சு இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. லேத் பட்டறை வைத்திருக்கும் எருக்கலம்பிட்டி நானா சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, உக்கின இடத்தை ஒரு மட்டையில் கீறித் தந்தார். சில நாள் கழித்து இவர், என் கணவர், பலகையின் அளவுகளை இன்னொரு தாளில் கீறித் தந்தார். இரண்டையும் கணினியில் தனித்தனி வரைபாக ஏற்றி, ஒன்றாக்கி, உக்கின பக்கத்தை விலக்கி நல்ல மரத்தில் போல்ட் இறங்குகிற மாதிரி, எஞ்சினைத் தாங்கும் தகட்டைக் கீறுவது என் வேலை. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது படித்த படிப்பு. திரும்பி வந்த புதிதில் ‘இதை வைச்சு இஞ்ச என்ன செய்யப்போறாய்’ என்று கேட்காத ஆளில்லை.

வரைபுகளை ஒன்றாக்கும்போது மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காது. அளவு தொடங்குகிற இதன் பூச்சியப் புள்ளியை அதன் பூச்சியப் புள்ளியின்மேல் வைத்து அமர்த்திவிடும். இரண்டும் உண்மையில் ஒரே இடம்தானா என்பது நம் பாடு. இவர்கள் இரண்டு பேரும் ஒரே மூலையிலிருந்துதான் அளந்ததாகத் தெரிந்தது. அந்த மூலையில் இரண்டிலும் ‘பாலப் பக்கம்’ என்று எழுதியிருந்தது. எங்கள் தீவில் இடம் வலம் என்று யாரும் மினக்கெடுவதில்லை. ஒரு பக்கம் பெருநிலத்துக்குப் போகும் பாலம், மற்றப் பக்கம் தீவின் கடைசியில் தலைமன்னார். கடைக்கு வழி சொன்னாலும் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னாலும் அதுதான் கணக்கு. நானும் தகட்டின் படத்தை மட்டும் தனியே எடுத்து, அதில் பாலப் பக்கம் எது என்று குறித்துக் கொடுத்தேன். நானா வெட்டினார், பேசாலைக் கரையில் இவர் தானே பூட்டினார். அன்று விடியத்தான் முதல் தடவையாக அதோடு கடலுக்குப் போயிருந்தார், தனியே.

நானா ஒரு கேற் வேலையாகக் கடைக்கு வந்தவர், திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதென்ன தங்கச்சி, ரெண்டு துவாரம்?”

“தண்ணி வடியிற துவாரம் நானா. உங்கட மட்டையில ஒண்டு, இவற்ற தாளில ஒண்டு.”

“அந்த வள்ளத்தில ஒண்டுதானே இருக்கு.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. படம் கீறுகிறவளுக்கு வள்ளம் தெரியாது என்று நானாவும் தொடங்கிவிட்டாரே. “ரெண்டு பேரும் அளந்துதானே தந்தனீங்கள்? நான் கனவு கண்டே கீறினனான்?” என்றேன். சொல்லி முடிக்க முதலே கண் திரும்பவும் திரைக்குப் போனது. ஒரு துவாரம் பாலப் பக்கம், மற்றது தலைமன்னார்ப் பக்கம். பலகையின் நடுவிலிருந்து இரண்டும் ஒரே தூரம். ஒரே துவாரம்தான் பக்கம் மாறி இரண்டு தரம் விழுந்திருக்கிறதோ?

“நானா, நீங்கள் அளக்கேக்க வள்ளம் எப்பிடி நிண்டது?”

“முன்பக்கம் கடலைப் பாத்து. ஏன்?”

இவர் அளந்தபோது அடிக்குப் பெயின்ற் அடிக்கவென்று வள்ளத்தை மேலே இழுத்து, கவிழ்க்காமல் கட்டைகளில் ஏற்றி, முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். போட்டோ என் போனிலேயே இருந்தது. முன்பக்கம் பனைகளைப் பார்த்து நின்றது; தகட்டைப் பூட்டியதும் அதே நிலையில்தான். வள்ளம் திரும்பிவிட்டது, பாலம் எங்கே திரும்பும்? நானா சொன்ன பாலப் பக்கம் வள்ளத்தின் ஒரு பக்கம், இவர் சொன்னது மறு பக்கம். நல்ல மரம் என்று நான் தேடிக் கொடுத்த இடம்தான் உக்கின இடம். நாலு போல்ட்டும் அதற்குள்.

வாடைக் காற்று தொடங்கிக் கடல் எழும்புகிற நாட்கள். பலகை பிய்ந்தால் எஞ்சின் கடலோடு போகும், பின்னால் தண்ணீர் ஏறும், பிறகு வள்ளம் மிதக்காது. இவருக்குப் போன் எடுத்தேன், போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். கொஞ்சத் தூரம் போனால் எங்கள் போன் ரவர் கைவிட்டுவிடும், இந்தியச் சிக்னல்தான் பிடிக்கும், அங்கே இவருடைய சிம் செத்த சிம். அத்தனை காலம் அந்தக் கரையில் இருந்தோம், ஒரு கோலுக்கு உதவவில்லையே என்று அதன்மேலும் கோபம் வந்தது.

நானா தன் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். “கெதியா விடுங்கோ, பிறகு ஓதலாம்” என்று கத்தினேன். பாவம், அவர் வேகத்தைக் கூட்டினார். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். மனுசன் வலையைப் போட்டபடியே போட்டுவிட்டுத் தன் வள்ளத்தை இறக்கினார்.

பிறகு பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைதான். வெயில் ஏறியது. தூரத்தில் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் இவராக இருந்து, கிட்ட வரும்போது வேறு யாரோ ஆனது. அவர்கள் நல்லபடி வந்து சேர்ந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்படி நினைக்கிறேனே என்று என்மேலும் எரிச்சல்.

மத்தியானம் கழித்து இரண்டு வள்ளம் முன்னும் பின்னுமாக வந்தன. நடுவில் கயிறு. பின்னால் வந்தது எங்களுடையது. எஞ்சின் உள்ளே கிடந்தது, இவர் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“எஞ்சின் ஆட்டம் குடுத்துது. நிப்பாட்டி உள்ளுக்க இழுத்துப் போட்டு, நங்கூரத்தைப் போட்டிட்டு இருந்தனான்” என்று இறங்கினார். “என்னப்பா, ஊரையே கூட்டிப்போட்டாய்?”

நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன். இரண்டு துவாரத்தையும், வள்ளம் திருப்பிக் கிடந்ததையும் நானாதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு இவர் சிரிக்கிறார்.

“பாலப் பக்கம், பாலப் பக்கம் எண்டு நடுக்கடலில வைச்சு நான் எந்தப் பாலத்தைத் தேடுறது?”

நானாவும் சிரித்துவிட்டார். எனக்கு இரண்டு பேரையும் அடிக்கலாம் போலிருந்தது. பின்பலகைக்குப் போய், போல்ட் கழன்ற துவாரம் ஒன்றுக்குள் விரலை விட்டேன். தடையில்லாமல் விரல் அடிவரைக்கும் போனது. தோண்டி எடுத்ததை உள்ளங்கையில் வைத்து இவர் முன்னால் நீட்டினேன். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈரப் பிட்டு மாதிரி உதிர்ந்து கிடந்தது.

இவர் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. காலையில் போன கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மணலில் குந்திக்கொண்டார்.